துன்பப்படும் சபைகளுக்கு உதவ எந்த வழி? காணிக்கை, ஜெபம், வழக்குச் செலவு: ஒரு நேரடி ஒப்பீடு

விசுவாசத்துக்காக அடிபடுகிற சபைகளுக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்ற பாரம் மனதில் விழுந்ததும், கூடவே ஒரு கேள்வியும் வந்து நிற்கிறது: யார் கையில் கொடுப்பது? பல நாடுகளில் வேலை செய்யும் பெரிய அமைப்புக்கா, நம் திருச்சபையின் வழியாகவா, வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி உதவி கேட்கும் ஒரு போதகருக்கு நேரடியாகவா, வழக்கு நடத்தும் வக்கீல்களுக்கா? இல்லை, பணமே வேண்டாம், ஜெபித்தால் போதுமா? எல்லாமே நல்லதுதான் என்று சொல்லி நழுவிவிட முடியாது. நம்மிடம் இருப்பது கொஞ்சம். அது தப்பான வழியில் போனால் வீணாவதோடு நிற்காது, சில இடங்களில் உதவி பெற்றவரையே சிறைக்கு அனுப்பிவிடும்.

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். முதலில் அமைப்பைத் தேடாதீர்கள், நாட்டைத் தேர்ந்தெடுங்கள். அந்த நாட்டுக்குள் பணம் நேர்வழியில் போய்ச் சேருமா என்று பாருங்கள். சேரும் என்றால், அங்கேயே வேரூன்றி நிற்கும் சபையோடு வேலை செய்கிறவர்களுக்கு மாதாமாதம் கொடுங்கள். சேராது என்றால், ஜெபமும் கடிதமும் அவர்களுக்காகக் குரல் கொடுப்பதும்தான் நீங்கள் முதலில் கொடுக்க வேண்டியவை.

நாடு ஏன் முதலில் என்றால், "துன்புறுத்தல்" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது இடத்துக்கு இடம் வேறு வேறு நோயாக இருக்கிறது. ஓப்பன் டோர்ஸ் அமைப்பு ஒவ்வொரு ஜனவரியிலும், கிறிஸ்தவர்கள் மிகக் கடுமையாகத் துன்புறுத்தப்படும் 50 நாடுகளின் பட்டியலை வெளியிடுகிறது. 2025 பட்டியலோடு வந்த கணக்கின்படி 38 கோடிக்கும் மேற்பட்ட கிறிஸ்தவர்கள் கடுமையான துன்புறுத்தலிலோ பாகுபாட்டிலோ வாழ்கிறார்கள். அந்த ஓராண்டுக் கணக்கில் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர்கள் 4,476 பேர், அதில் நைஜீரியாவில் மட்டும் 3,100 பேர். ஆனால் பட்டியலின் உச்சியில் இருப்பது நைஜீரியா இல்லை, வட கொரியா. 2002-லிருந்து 2022 ஒன்றைத் தவிர ஒவ்வொரு ஆண்டும் அதே இடம், 2022-ல் மட்டும் ஆப்கானிஸ்தான். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நைஜீரியாவில் ஆலயங்கள் திறந்திருக்கின்றன, மறைமாவட்டங்கள், மருத்துவமனைகள், வங்கிக் கணக்குகள் எல்லாம் இருக்கின்றன. பெனுவே மாநிலத்தில் நிலத்தை விட்டு ஓடி முகாமில் இருக்கும் விவசாயிக்குச் சாப்பாடும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும், திரும்பிப் போகும் நாளில் விதையும் தேவை. அங்கே நடப்பதில் மேய்ச்சல் நிலத் தகராறும் கொள்ளைக் கும்பல்களும் மதவெறியும் பின்னிக் கிடக்கின்றன என்பது உண்மை, ஆனால் முகாமில் இருப்பவரின் பசி அதனால் மாறிவிடாது. பணம் அங்கே போய்ச் சேரும், வேலையும் செய்யும். வட கொரியாவிலோ ஒரு வேதாகமம் வீட்டில் அகப்பட்டாலே குடும்பத்தோடு கைதிகள் முகாமுக்குப் போக வேண்டியதுதான், உங்கள் காணிக்கையை வெளிப்படையாக வாங்கிக்கொள்ள அங்கே சுதந்திரமான ஒரு சபை இல்லை.

எரித்திரியா இன்னொரு மாதிரி. 2002-லிருந்து ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்கம், லூத்தரன், சுன்னி இஸ்லாம் ஆகிய நான்குக்கு மட்டுமே அனுமதி. மற்ற சபையார் கூடி ஜெபித்தால் சிறை, அதுவும் வெயிலில் கொதிக்கும் கப்பல் கண்டெய்னர்களுக்குள் அடைத்து வைத்த சாட்சியங்கள் நிறைய உண்டு. அனுமதி பெற்ற சபைக்கும் நிம்மதி இல்லை. அரசின் தலையீட்டை எதிர்த்த ஆர்த்தடாக்ஸ் மறைமுதுவர் ஆபூனே அந்தோனியோஸ் பதவி பறிக்கப்பட்டு, 2022-ல் இறக்கும்வரை வீட்டுக் காவலிலேயே இருந்தார். இப்படிப்பட்ட இடத்துக்கு நாம் பணம் அனுப்ப நினைப்பதில் பெரிய பயன் இல்லை.

சரி, பணம் போகக்கூடிய இடம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது முதலில் கண்ணில் படுவது சபைப் பிரிவு பார்க்காமல் உதவும் பெரிய அமைப்புகள். ஓப்பன் டோர்ஸ், 1955-ல் நெதர்லாந்துக்காரரான சகோதரர் ஆண்ட்ரூ கம்யூனிசப் போலந்துக்குப் போய்வந்ததில் தொடங்கியது. ருமேனியச் சிறைகளில் 14 ஆண்டுகள் கிடந்த லூத்தரன் போதகர் ரிச்சர்ட் வூர்ம்பிராண்ட் 1967-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஊழியம்தான் இன்றைய வாய்ஸ் ஆஃப் தி மார்ட்டர்ஸ். இவர்களுடைய பெரிய பலம், பதிவே இல்லாத வீட்டுச் சபைகளையும், வேறு மதத்திலிருந்து வந்ததால் சொந்தக் குடும்பமே துரத்திவிட்ட விசுவாசிகளையும் தேடிப் போவது. இப்படிப்பட்டவர்களுக்கு ஆயர் கிடையாது, மறைமாவட்ட அலுவலகம் கிடையாது, பெயர்ப் பதிவேடு கிடையாது. பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது: பணம் எந்த ஊரில் யார் கைக்குப் போனது என்று நமக்குச் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. பெயரும் ஊரும் முகமும் மறைப்பது பாதுகாப்பு. ஆனால் மொத்த வரவு எவ்வளவு, களத்துக்குப் போனது எவ்வளவு, நிர்வாகத்துக்கும் விளம்பரத்துக்கும் எவ்வளவு, தணிக்கை செய்தது யார் என்பதை மறைப்பதற்குப் பாதுகாப்பு ஒரு காரணமே இல்லை. இதைக் கேட்டு பதில் வராத அமைப்பு எவ்வளவு கண்ணீர் வரவழைக்கும் வீடியோ போட்டாலும் விட்டுவிடுங்கள்.

அடுத்தது திருச்சபையின் நிர்வாகம் வழியாகப் போகும் உதவி. கத்தோலிக்கர்களுக்கு இதில் பழைய, பெரிய ஏற்பாடுகள் உண்டு. கிழக்கத்திய திருச்சபைகளுக்காக 1926-ல் பதினோராம் பயஸ் திருத்தந்தை ஏற்படுத்திய சிஎன்இடபிள்யூஏ (கத்தோலிக்க அண்மைக் கிழக்கு நல்வாழ்வுச் சங்கம்) ஒன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிழக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்த ஜெர்மானிய அகதிகளுக்காக அருட்தந்தை வெரன்ஃப்ரீட் வான் ஸ்ட்ராட்டன் 1947-ல் தொடங்கி, 2011-ல் திருத்தந்தையின் நேரடி அறக்கட்டளையாக உயர்ந்த எய்டு டு தி சர்ச் இன் நீட் இன்னொன்று. உள்ளூர் ஆயர் கேட்கிறார், திட்டம் பரிசீலிக்கப்படுகிறது, பணம் மறைமாவட்டத்துக்குப் போகிறது. குருக்களுக்குத் திருப்பலிக் காணிக்கையாகப் போகும் பணமும் உண்டு. வருமானமே இல்லாத பங்கில் இருக்கும் ஒரு குருவுக்கு அது அன்றாடச் சோறு.

இந்த வழி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஈராக்கின் நினிவே சமவெளியைச் சொல்லலாம். 2014 ஆகஸ்ட் 6 இரவு ஐஎஸ் படை அங்குள்ள காரகோஷ் என்ற கிறிஸ்தவ ஊரை நெருங்கியபோது, அங்கும் சுற்றுவட்டாரத்திலுமாக ஏறத்தாழ 1,20,000 கிறிஸ்தவர்கள் போட்டது போட்டபடி குர்திஷ் பகுதியின் எர்பில் நகரத்துப் பக்கம் ஓடினார்கள். ஊர்கள் மீட்கப்பட்ட பிறகு, 2017-ல் சிரிய கத்தோலிக்கர், சிரிய ஆர்த்தடாக்ஸ், கல்தேயர் என்ற மூன்று திருச்சபையாரும் ஒரே மறுகட்டமைப்புக் குழுவில் உட்கார்ந்து, சேதமான ஏறத்தாழ 13,000 வீடுகளை வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். எந்த வீடு யாருடையது, எவ்வளவு எரிந்திருக்கிறது, குடும்பம் திரும்பி வருமா என்பதெல்லாம் வெளியிலிருந்து வரும் தொண்டு நிறுவனத்துக்கு எப்படித் தெரியும்? அந்த ஊரில் ஞானஸ்நானமும் கல்யாணமும் செய்துவைத்த குருவுக்குத் தெரியும். நிவாரண நிறுவனங்கள் நிதி தீர்ந்தால் கிளம்பிவிடும், சபை கிளம்பாது. ஈராக், சிரியா, எகிப்து போன்ற பழமையான திருச்சபைகள் உள்ள நாடுகளுக்கு நான் யோசிக்காமல் இந்த வழியைத்தான் சொல்வேன். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் ஒளிந்து வாழும் நாடுகளுக்கு, மேலே சொன்ன முதல் வகை. ஆயரின் பட்டியலில் இல்லாதவர் ஆயர் வழி உதவியிலும் இருக்க மாட்டார், இதை மனதில் வைத்துக்கொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும்.

இப்போது மூன்றாவது வழி, பலருக்கும் பிடித்தது: நேரடியாக ஒருவருக்கு அனுப்புவது. இடையில் ஆள் இல்லை, முழுப் பணமும் போய்ச் சேரும், நன்றி சொல்லி பதில் வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு இதில்தான் பயம் அதிகம். எரிந்த ஆலயத்தின் படத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக் கணக்கு எண் கொடுக்கலாம், ஏமாற்று என்பது அதில் சின்ன விஷயம். உண்மையான போதகராகவே இருந்தாலும் வெளிநாட்டுப் பணம் அவர் கணக்கில் விழுவதே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும் நாடுகள் உண்டு. இந்தியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள ஒருவர், அவர் பிறப்பால் இந்தியராகவே இருந்தாலும், ஊழியத்துக்குக் கொடுக்கும் பணம் வெளிநாட்டு நன்கொடைதான். அந்தச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்புதான் வாங்கலாம், அதுவும் 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையின் கணக்கில்தான் வந்து விழ வேண்டும், வாங்கிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. நல்லெண்ணத்தில் ஒரு கிராமத்துப் போதகரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பினால், பணத்துக்காக மதம் மாற்றுகிறார் என்று குற்றம் சாட்டக் காத்திருப்பவர்களுக்கு நாமே ஆதாரம் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

நல்ல பணம் கெட்ட விளைவைத் தந்ததற்குச் சூடானைவிடத் தெளிவான பாடம் இல்லை. 1990-களின் பிற்பகுதியில், உள்நாட்டுப் போரில் பிடித்துச் செல்லப்பட்டு அடிமைகளாக்கப்பட்ட தென்சூடான் மக்களை விலை கொடுத்து மீட்க மேற்கத்திய கிறிஸ்தவர்கள் மனமுவந்து கொடுத்தார்கள், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் உண்டியல் காசு வரை. ஆள்பிடிப்பவனுக்கு அது ஒரு சந்தையை உண்டாக்கித் தருகிறது என்று யூனிசெஃப் கண்டித்தது. பிறகு, அடிமையே அல்லாதவர்களை வரிசையில் நிறுத்திப் பணம் வாங்கிய மோசடிகள் நடந்ததாகவும் செய்திகள் வந்தன. மீட்கப்பட்டவர்களில் உண்மையானவர்களும் இருந்தார்கள், கொடுத்தவர்களின் மனதில் குறையும் இல்லை. ஆனால் தூரத்தில் இருந்து கொடுப்பவருக்குத் தன் பணம் களத்தில் எதைத் தூண்டிவிடுகிறது என்று தெரிவதில்லை.

பவுல் இதையெல்லாம் நன்றாக யோசித்தவர். எருசலேம் சபைக்காக மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் காணிக்கை சேர்த்தபோது அவர் தனியாக அதை எடுத்துப் போகவில்லை. சபைகள் தேர்ந்தெடுத்த சகோதரர்களைக் கூட்டிக்கொண்டார், இவ்வளவு பெரிய தொகையைக் கையாள்வதில் யாரும் தங்கள்மேல் குற்றம் சொல்லக்கூடாது, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் 8-ம் அதிகாரத்தில் காரணமும் சொல்கிறார். நேரடியாகக் கொடுக்க உங்களுக்கு உண்மையிலேயே ஒரு உறவு இருந்தால், உங்கள் சபையும் அந்தச் சபையும் பல ஆண்டுகளாகப் பழகியிருந்தால், இதே அளவுகோலை வையுங்கள்: இரண்டு பேருக்காவது பொறுப்பு, சட்டப்படியான கணக்கு, செலவு விவரம். இது எதுவும் இல்லை என்றால் வேண்டாம்.

வழக்குச் செலவுக்குக் கொடுப்பதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை, நான் இதை மிகவும் மதிக்கிறேன். பாகிஸ்தானில் தெய்வநிந்தனைச் சட்டத்தில் ஆசியா பீபி என்ற கிறிஸ்தவப் பெண் 2009-ல் கைதானார், 2010-ல் மரண தண்டனை, 2018 அக்டோபர் 31-ல்தான் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. அவருக்காகப் பேசிய பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீரும் சிறுபான்மையினர் அமைச்சர் ஷாபாஸ் பட்டியும் 2011-லேயே கொல்லப்பட்டார்கள். தீர்ப்பு வந்ததும் வக்கீல் சைஃபுல் மாலூக் நாட்டை விட்டே போக வேண்டியிருந்தது. இத்தனை ஆண்டுகள் வழக்கு நடத்தவும், குடும்பத்தை ஒளித்து வைத்துக் காப்பாற்றவும், சாட்சிகளைப் பாதுகாக்கவும் பணம் வேண்டும். ஒடிசாவின் கந்தமாலில் 2008-ல் கிறிஸ்தவர்களுக்கு எதிராக நடந்த வன்முறைக்குப் பிறகு கட்டக்-புவனேஸ்வர் பேராயர் ரஃபேல் சீனத் உச்ச நீதிமன்றம் போனார். எட்டு ஆண்டுகள் கழித்து, 2016-ல், பாதிக்கப்பட்டவர்களுக்குக் கூடுதல் இழப்பீடு தர உத்தரவு வந்தது. இதற்குப் படம் கிடையாது, கைதட்டல் கிடையாது, பாதி நேரம் தோல்விதான். ஆனாலும் ஒரு நல்ல தீர்ப்பு, அந்த ஒரு குடும்பத்தோடு நிற்காமல் அடுத்த வழக்குக்கும் கைகொடுக்கும். நீதிமன்றங்கள் ஓரளவாவது வேலை செய்யும் நாட்டைத் தேர்ந்தெடுத்திருந்தால் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குங்கள்.

அவசர நிதியா, தொடர்ந்து கொடுப்பதா என்ற கேள்வியில் எனக்குத் தயக்கமே இல்லை. 2019 ஈஸ்டர் ஞாயிறு இலங்கையில் கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் சபை என்று குண்டுகள் வெடித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. காயங்கள் அந்த வாரத்தோடு முடிவதில்லை. குண்டில் கண்ணை இழந்த ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கணக்கில் சிகிச்சை, பள்ளிக்கூடம், மனதைத் தேற்ற ஒருவர் என்று எல்லாம் வேண்டும். செய்தி ஓடும் வாரத்தில் பணம் குவிகிறது, மூன்றாம் ஆண்டில் யாரும் இல்லை. அந்த மூன்றாம் ஆண்டில் கொடுப்பவராக இருங்கள்.

ஜெபத்துக்கு வருகிறேன். பணத்தோடு ஒப்பிட்டு எது பெரியது என்று வாதாடுபவர்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. உடுப்பும் ஆகாரமும் இல்லாதவனிடம் சமாதானத்தோடே போ என்று மட்டும் சொல்லி அனுப்புவதால் என்ன பிரயோஜனம் என்று யாக்கோபு கேட்டது, கொடுக்க முடிந்தும் ஜெபம் மட்டும் போதும் என்கிறவர்களுக்குத்தான். ஆனால் அதே வேதாகமத்தில், அப்போஸ்தலர் நடபடிகள் 12-ம் அதிகாரத்தில், பேதுரு சிறையில் இருந்த இரவு எருசலேம் சபையிடம் இருந்தது ஜெபம் மட்டும்தான், அவர்கள் ஊக்கமாக அதைச் செய்தார்கள். பேதுரு வெளியே வந்தார். அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் யோவானின் சகோதரன் யாக்கோபு ஏரோதின் வாளுக்கு இரையாகியிருந்தார், அவருக்காகவும் அந்தச் சபை ஜெபித்திருக்காதா? ஜெபம் நம் கையில் இருக்கும் சாவி என்று நினைப்பவர்களுக்கு இந்த அதிகாரம் இடம் கொடுக்கவில்லை, ஜெபிக்காமல் இருப்பவர்களுக்கும் இடம் கொடுக்கவில்லை.

எப்படி ஜெபிப்பது என்பதிலும் தேர்வு இருக்கிறது. துன்பப்படும் சபைக்கான உலக ஜெப நாள், பல சபைகளில் நவம்பர் முதல் ஞாயிறு, ஒரு நல்ல தொடக்கம், ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள் போதாது. "உலகமெங்கும் துன்பப்படுகிற பிள்ளைகளை நினைத்தருளும்" என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடும் வழக்கமும் போதாது. ஒரே ஒரு நாடு, முடிந்தால் ஏற்கெனவே உலகறிந்த ஒரே ஒரு பெயர், தினமும். நைஜீரியாவின் டாப்சியில் 2018 பிப்ரவரியில் பள்ளியிலிருந்து கடத்தப்பட்ட 110 மாணவிகளில் பெரும்பாலோர் அடுத்த மாதமே திரும்பினார்கள். கிறிஸ்துவை மறுதலிக்க மறுத்த லேயா ஷரிபு மட்டும் பிடித்து வைக்கப்பட்டார், ஆண்டுகள் பல கடந்தும் விடுவிக்கப்படவில்லை. அவருக்காகத் திறப்பிலே நிற்கும் ஜெபக்குழு, நைஜீரியாவைப் பற்றிய செய்தியைத் தானாகவே தேடிப் படிக்கும், யாரும் தூண்ட வேண்டியதில்லை. காணிக்கையும் அதற்குப் பின்னாலேயே வரும். இதனால்தான் நான் ஜெபத்தை முதலில் வைக்கச் சொல்கிறேன். ஜெபிக்காத இடத்துக்குக் கொடுக்கும் பணம் சீக்கிரமே நின்றுவிடுகிறது.

எதைக் கேட்பது? நாம் உடனே விடுதலை கேட்கிறோம், கேட்கவும் வேண்டும். ஆனால் சங்கிலியில் இருந்த பவுல் எபேசியரிடம் கேட்டது, தைரியமாய்ப் பேச வாக்குக் கொடுக்கப்படும்படி ஜெபியுங்கள் என்பதுதான். வீட்டில் காத்திருக்கும் மனைவிக்காக, பள்ளியில் ஒதுக்கப்படும் பிள்ளைக்காக, பயத்தில் மறுதலித்துவிட்டுத் தூங்க முடியாமல் தவிக்கிறவருக்காக ஜெபியுங்கள். அடிக்கிறவர்களுக்காகவும் ஜெபியுங்கள், ஸ்தேவானைக் கல்லெறிந்தவர்களின் வஸ்திரங்களுக்குக் காவல் இருந்த வாலிபன்தான் பிறகு பவுல் ஆனார். ஒரு எச்சரிக்கை: வெளியே தெரியாத விசுவாசிகளின் பெயர், ஊர், படம் இவற்றை ஜெபக் குறிப்பு என்று குழுக்களில் சுற்றுக்கு விடாதீர்கள். தேவனுக்கு விலாசம் தேவையில்லை, உளவு பார்ப்பவனுக்குத்தான் தேவை.

பணம் போகாத இடங்களில் ஜெபத்துக்கு அடுத்தபடியாகக் கடிதம் இருக்கிறது. சீனாவின் செங்டுவில் இருந்த போதகர் வாங் யீ 2019 டிசம்பரில் 9 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். இப்படிப் பெயர் வெளியே தெரிந்த கைதிகளுக்கு எழுத ஒழுங்கான ஏற்பாடுள்ள அமைப்புகள் உண்டு, அவர்கள் சொல்லும் விதியை மீறாமல் எழுதுங்கள். சுருக்கமாக, அரசை விமர்சிக்காமல், பணம் வைக்காமல். கடிதம் கைதியின் கைக்குப் போகாமல் போகலாம், ஆனால் இந்த ஆளை வெளியுலகம் மறக்கவில்லை என்பது சிறை அதிகாரிக்குத் தெரிந்துவிடும்.

கிறிஸ்தவர்களுக்கு மட்டும் கொடுக்கும் அமைப்பா, அக்கம்பக்கத்தாருக்கும் சேர்த்துக் கொடுக்கும் அமைப்பா என்று கேட்டால், இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன். எர்பிலில் கல்தேயப் பேராயம் 2015-ல் தொடங்கிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் யாசிதிகளும் இஸ்லாமியர்களும் படிக்கிறார்கள். உதவிப் பொருள் ஒரு தெருவில் ஒரு வீட்டுக்கு மட்டும் வந்து மற்ற வீடுகளுக்கு வராவிட்டால், நிவாரண லாரி போன பிறகு அந்த ஒரு வீட்டுக்காரர்தான் பொறாமையோடும் சந்தேகத்தோடும் வாழ வேண்டியிருக்கும்.

எப்படிப் பிரிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு இது. துன்பப்படும் சபைக்கென்று வைத்த தொகையில் பெரும்பகுதி, நீங்கள் தேர்ந்தெடுத்த நாட்டில் தங்கி வேலை செய்யும் ஒரே அமைப்புக்கு மாதாமாதம், எந்தத் திட்டத்துக்கு என்று கட்டிப்போடாமல். களத்தில் இருப்பவருக்கு எது அவசரம் என்று அவருக்குத்தான் தெரியும். ஒரு சிறு பங்கு வழக்குச் செலவுக்கு. திடீர் தாக்குதல்களுக்கு என்று தனியாக ஒரு சிறு தொகையைச் சேர்த்து வைத்தால், செய்தி வந்த இரவே பதறி யாருக்கோ அனுப்பாமல், இரண்டு வாரம் பொறுத்து, அங்கே உள்ள சபை என்ன கேட்கிறது என்று தெரிந்த பிறகு கொடுக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை அந்த அமைப்பின் ஆண்டறிக்கையை ஜெபக்குழுவில் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். புரியாததை எழுதிக் கேளுங்கள். ஒழுங்கான பதில் வந்தால் தொடருங்கள், மழுப்பினால் அமைப்பை மாற்றுங்கள், ஆனால் நாட்டை மாற்றாதீர்கள்.